அறுபத்தொன்றாம் தாளின் பின்பக்கம்

மார்ச் 3

தம்பிக்கு,

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இரண்டு வருஷமாக உன்னிடம் ஒரு சொல் பேசவில்லை. அதை நீ பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாயோ, கையாலாகாத்தனம் என்று எடுத்துக்கொண்டாயோ, தெரியாது. இரண்டும் இல்லை. ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்தான் பேசாமல் இருந்தேன்.

நேற்று கல்லூரியில் நடந்ததைக் கேள். முதல் வருஷ பார்மசி வகுப்பு. இருபத்து நான்கு வருஷம் நான் நின்று நடத்திய அதே அறை. இப்போது என் பதவியின் பெயர் ‘கற்றல் துணைவர்’. ஜன்னல் திரையை இழுத்து விடுவது, புரொஜெக்டரைப் போடுவது, வீடியோ ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டு “சந்தேகம் இருக்கா?” என்று கேட்பது. இதுதான் வேலை. சுவரளவுக்கு உன் முகம் வந்தது. உன் இலவச இணையப் படிப்பு ஒன்று இருக்கும்போது தனியாக ஒருவனுக்குப் பாடவேளை எதற்கு என்று நிர்வாகம் முடிவு செய்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

வீடியோ முடிந்ததும் ஒரு பெண் சந்தேகம் கேட்டாள். சொன்னேன். உடனே பக்கத்தில் இருந்தவன் எழுந்தான்.

“சார், நீங்க விளக்கறது அப்படியே வீடியோல வர்ற சார் மாதிரியே இருக்கு. அவரைப் பார்த்துப் பார்த்தே பழகிட்டீங்களா?”

வகுப்பே சிரித்தது. “ஆமாம்ப்பா” என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த நாற்பது பாடமும் என் கையெழுத்தில் பிறந்தது என்று சொல்வதா? ‘உங்கள் வீட்டு ஸ்பூனும் என் வீட்டு ஸ்பூனும் ஒன்றல்ல’ என்கிற அந்த வேடிக்கை என்னுடையது. அதைச் சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாயே, அதுகூட என்னுடையது. உனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. நீ வேதியியல்காரன். மருந்துக்கடை வரிசையில் நின்றதைத் தவிர மருந்துக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?

கடைசியில் நன்றிப் பட்டியல் ஓடுகிறது. கேமராக்காரம்மாவுக்கு நன்றி. விளக்குப் பிடித்தவருக்கு நன்றி. படம் எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்தி ஒத்துழைத்த பக்கத்து அறையினருக்கு நன்றி. மின்விசிறியை நிறுத்தியவர்களுக்கு நன்றி இருக்கிறது. பாடத்தை எழுதியவனுக்கு இல்லை. உங்கள் இணைய விவாதப் பலகையில் ஒன்பது முறை எழுதிப் பார்த்தேன். ஒன்பதையும் எடுத்துவிட்டார்கள்.

என் பெயர் முதல் திரையில் வர வேண்டும். இது வேண்டுகோள் அல்ல.

இன்னொன்று. இருபத்து மூன்றாம் பாடத்தை ஒரு தரம் போட்டுப் பார். கண்ணால் அல்ல, மூளையால். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்வேன்.

உன் அண்ணன்,
எம்.பார்ம்., முன்னாள் துறைத் தலைவர்


மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஒரு நாள் முழுக்க அதைப் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்திருந்தேன். என்ன இருக்கும் என்று தெரியும். ஒன்றும் தவறவில்லை, அதே சூடு.

உங்கள் பெயரை நான் எடுக்கவில்லை. நீங்கள் எடுத்தீர்கள். படம் எடுத்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் நீங்கள் கல்லாக நின்றீர்கள். ஒன்பது தடவை எடுத்தார்கள். “சார், கொஞ்சம் சிரிங்க” என்றார் அந்தக் கேமராக்காரம்மா. “மருந்தளவு சொல்றப்ப என்னத்தம்மா சிரிக்கறது?” என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், உங்களைத் தவிர. சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். மாடிப்படியில், படிப்பை ஏற்பாடு செய்தவனாகப் பின்னால் ஓடி வந்த என்னைப் பார்த்துச் சொன்னது இது: “நீயே பல்லைக் காட்டிட்டு நில்லு. இந்த வித்தைக் கூடாரத்துல என் பேர் வரக்கூடாது. வந்துதுன்னா நாம அண்ணன் தம்பியே இல்ல.”

வரவில்லை. வராததால் இப்போது அண்ணன் தம்பி இல்லை. நான் என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

வித்தைக் கூடாரம் என்றீர்கள். இந்த முறை எண்பத்தாறாயிரம் பேர் சேர்ந்திருக்கிறார்கள். லாரி ஓட்டுகிற ஒருவர் சரக்கு இறக்கும் நேரத்தில் பாடம் கேட்கிறார். படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மருமகள், மருந்துச் சீட்டு இப்போதுதான் புரிகிறது என்று எழுதுகிறார். எந்த வயது என்று யாரும் கேட்பதில்லை. என்ன மதிப்பெண் என்று கேட்பதில்லை. வாசலில் நின்று திருப்பி அனுப்ப ஆள் இல்லை. அப்பா முப்பது வருஷம் மருந்துக்கடையில் பொட்டலம் மடித்தார். ஏன் இந்த மருந்து, ஏன் இத்தனை என்று ஒருவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கு இந்த வேலையின் மேல் இருக்கும் ஆசைக்குக் காரணம் கேமரா அல்ல.

இருபத்து மூன்றைப் பார்த்தேன், இரண்டு தடவை. பின்னணியில் நீலம் கொஞ்சம் தூக்கல். வேறு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. புதிர் போடாதீர்கள் அண்ணா. என்ன என்று சொல்லுங்கள்.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

நீலம் தூக்கலாம்! உன்னிடம் நான் கேட்டது வர்ணப்பூச்சு பற்றியா?

காகிதம் எடு. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தை. கிலோவுக்கு முப்பது மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கான மருந்து. முன்னூற்று அறுபது. இது ஒரு நாள் முழுவதற்கும். மூன்று வேளையாகப் பிரித்தால் வேளைக்கு நூற்றிருபது. அந்த மருந்தில் ஐந்து மில்லிக்கு நூற்றிருபது மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே வேளைக்கு ஐந்து மில்லி.

நீ என்ன சொல்கிறாய்? கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டு, “ஆக, ஒவ்வொரு வேளையும் பதினைந்து மில்லி” என்கிறாய். நாள் முழுவதற்குமான மருந்தை ஒரே வேளையில் ஊற்றச் சொல்கிறாய்; அதையே மூன்று வேளையும். குழந்தைக்கு மூன்று மடங்கு!

நான் சரியாகத்தான் எழுதினேன். அறுபத்தொன்றாம் தாள். முன்பக்கம் முன்னூற்று அறுபதோடு முடிகிறது, வகுக்கும் வரி பின்பக்கம் இருக்கிறது. காகிதத்தின் இரண்டு பக்கமும் எழுதுகிறவன் நான் என்பது உனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். முதல் இருபத்திரண்டு பாடத்தை என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திருப்பி வாசித்தவன்தானே நீ? ஒரு தாளைத் திருப்பிப் பார்க்க முடியாதவன் லட்சம் பேருக்கு வாத்தியார்.

இதோடு போகவில்லை. தானாக மதிப்பெண் போடும் உங்கள் தேர்வுப் பெட்டிக்கும் பதினைந்தைத்தான் விடையாக ஊட்டியிருக்கிறீர்கள். ஐந்து என்று போட்டால் சிவப்பு, பதினைந்து என்று போட்டால் பச்சை. வகுப்பறையில் நான் பலகையில் பிசகினால் முன் வரிசையில் யாராவது “சார், அது…” என்று இழுப்பார்கள். நானும் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவேன். உன் பெட்டிக்குக் காது இல்லை.

உன் விவாதப் பலகையில் ‘மூன்றாவது மாடி’ என்ற பெயரில் ஒருத்தி எழுதுகிறாள். பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். இரண்டாயிரம் பதிவுக்கு நடுவில் கிடக்கிறது. பிப்ரவரி ஆறாம் தேதி. அப்படியே எழுதித் தருகிறேன்.

மூன்றாவது மாடி: “வணக்கம் சார். நான் குழந்தைங்க வார்டுல தரை துடைக்கிற வேலை பார்க்கறேன். எனக்கு அஞ்சு மில்லின்னு வருது. நீங்க பதினஞ்சு சொல்றீங்க. மருந்து பாட்டிலோட வர்ற மூடியே பத்து மில்லிதான் சார் பிடிக்கும். நான் எங்க தப்புப் பண்றேன்?”

வெள்ளைக் கோட்டு: “மூடியை ஒண்ணரை தடவை ரொப்புங்க மேடம். இதுக்கெல்லாமா ஒரு கேள்வி?” (இதற்கு நாற்பத்தொரு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள்.)

முதல் பெஞ்சு: “இத்தனை ஆயிரம் பேருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா? சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

நாலு நாள் கழித்து அவளே திரும்ப எழுதுகிறாள்: “அஞ்சுன்னு ரெண்டு தடவை போட்டேன், தப்புன்னு வந்துது. மூணாவதுதான் கடைசி வாய்ப்புன்னாங்க. பதினஞ்சு போட்டேன். பாஸ் ஆயிட்டேன். என் கணக்குதான் தப்பு போல. மன்னிச்சுக்கோங்க சார்.”

படித்தாயா? தரை துடைக்கிறவள் மூடியைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவளுக்குத் தப்பாகக் கற்றுக்கொடுத்து, அவளையே மன்னிப்பும் கேட்க வைத்துவிட்டீர்கள்.

திருத்து. இன்றே திருத்து.

அண்ணன்,
எம்.பார்ம்., முன்னாள் துறைத் தலைவர்


மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

படித்து முடித்ததும் காகிதம் எடுத்தேன். கையால் போட்டுப் பார்த்தேன். ஐந்து. திரும்பப் போட்டேன். ஐந்து.

உங்கள் தாள்கள் என் அலமாரியில்தான் இருக்கின்றன. அறுபத்தொன்றை எடுத்துத் திருப்பினேன். இரண்டு வரி, உங்கள் குண்டு எழுத்தில். நான் அதை முதல்முறையாகப் பார்க்கிறேன். முன்பக்கம் ‘360 மி.கி.’ என்று முற்றுப்புள்ளியோடு நிற்கிறது. மற்ற தாள்களில் வாக்கியம் பாதியில் அறுந்து நிற்கும், கை தானாகத் திருப்பும். இதில் அறுபடவில்லை. மில்லியாக மாற்றும் வரி மட்டும் இல்லை என்று பட்டது. அதை நானே போட்டு முடித்தேன். பதினைந்து என்று வந்தது. கொஞ்சம் அதிகமோ என்றுகூடத் தோன்றியது. உங்களிடம் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். எடுத்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இது என் தப்பு. மறுக்கவில்லை.

ஆனால் இன்றே திருத்து என்கிறீர்களே, அது என் கையில் இல்லை. ஒரு சுற்று நடந்துகொண்டிருக்கும்போது வீடியோவையோ விடையையோ தொட வேண்டுமானால் மேலே எழுதிக் கேட்க வேண்டும். ஏப்ரல் பத்தாம் தேதி ஆய்வுக்குழு வருகிறது. இந்தப் படிப்பு தொடர்வதா, மூடுவதா என்பது அன்று தெரியும். சேருகிறவர்களில் நூற்றுக்கு நாலு பேர்தான் கடைசி வரை வருகிறார்கள் என்று ஏற்கெனவே முகம் சுளிக்கிறார்கள். இந்த நேரத்தில் இதைப் போய்ச் சொன்னால் ஒரு பாடம் அல்ல, நாற்பதும் போய்விடும். அந்த லாரிக்காரர், அந்த மருமகள் எல்லோரும் நடுத்தெருவில். சுற்று முடிய ஐந்து வாரம்தான். முடிந்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறேன். இருபத்து மூன்று வரை வருகிறவர்களே அந்த நாலு பேர்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதித் தருவார், நர்ஸ் பார்ப்பார். யாரும் வீடியோவைப் பார்த்து மருந்து ஊற்றப் போவதில்லை.

பொய் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. பொறுங்கள் என்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். யார் எந்தப் பாடத்தை எப்போது, எத்தனை தடவை பார்த்தார்கள் என்பது எங்கள் கணினியில் பதிவாகும். இருபத்து மூன்றை அதிகத் தடவை பார்த்தது யார் என்று தேடினேன். உங்கள் கணக்கு வந்தது. போன வருஷம் ஜனவரியில். பதினொரு தடவை.

பதினான்கு மாசம், அண்ணா. அப்போதே உனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை நீ?

அந்தத் தாளின் கீழே அம்புக்குறியும் இல்லை. திருப்ப வேண்டிய தாள் என்றால் நீங்கள் எப்போதும் கீழே ஒரு சின்ன அம்பு போடுவீர்கள். சண்டைக்கு முந்தைய தாள்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து நாலு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கத்தியிருப்பேன். எழுதுகிறேன்.

ஆமாம். தெரியும்.

போன வருஷம் ஜனவரியில் முதல் தடவையாக அந்த வீடியோவை வகுப்பில் ஓட்டினேன். பதினைந்து என்று நீ சொன்னதும் என் காதை நானே நம்பவில்லை. வீட்டுக்கு வந்து திரும்பப் போட்டேன். முதல் மூன்று தடவை சரிபார்ப்பதற்கு. மிச்சம் எட்டுத் தடவை எதற்கு என்று நீயே ஊகித்துக்கொள். உன் அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன, தம்பியைப் பார்த்துச் சிரிக்கறீங்க? சமாதானம் ஆயிட்டீங்களா?” என்று கேட்டாள். திரும்ப முதலிலிருந்து போட்டேன்.

மறுநாள் என் வகுப்பு அறுபது பேருக்கு மட்டும் பலகையில் திருத்திக் காட்டினேன். வெளியே இருக்கும் லட்சம் பேர் உன் பிள்ளைகள், அது உன் பாடு என்று விட்டுவிட்டேன். என்றாவது ஒரு நாள் யாராவது எல்லோர் முன்னாலும் உன் மூக்கை உடைப்பார்கள், அன்றைக்கு நீ என் வாசலுக்கு வருவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அம்பு. அதை நீ கேட்காமல் இருந்திருக்கலாம். மாடிப்படிச் சண்டைக்குப் பிறகு, ஒப்புக்கொண்ட கடனுக்கு எழுதி அனுப்பிய பதினெட்டுப் பாடத்திலும் அம்பு கிடையாது. மறதி அல்ல. திருப்பத் தெரிந்தவன் திருப்பட்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நூற்றுக்கு நாலு என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாய். பாதியில் ஓடிப்போன தொண்ணூற்றாறு பேரால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. விடாமல் நிற்கிற நாலு பேர்தான் மருந்து பாட்டிலைக் கையில் எடுக்கப்போகிறவர்கள். மூன்று சுற்றும் சேர்த்து இரண்டு லட்சத்து அறுபதாயிரம் பேர் என்று உங்கள் இணையப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. நாலு சதவீதம் எவ்வளவு என்று பார். பத்தாயிரத்து நானூறு.

டாக்டர் எழுதுவார், நர்ஸ் பார்ப்பார் என்கிறாய். நான் சரியாக எழுதியிருப்பேன் என்று நீ இருந்தாய். நீ திருப்பிப் பார்ப்பாய் என்று நான் இருந்தேன். நம் இருவருக்கும் நடுவில் ஒரு காகிதத்தின் கனம்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் மட்டும் எல்லோரும் திருப்பிப் பார்ப்பார்களாக்கும்.

நேற்று அவள் மறுபடியும் எழுதியிருக்கிறாள். ‘மூன்றாவது மாடி’. “முதல் பகுதிச் சான்றிதழ் வந்துடுச்சு சார். ஏப்ரல் ஏழாம் தேதியிலேருந்து என்னை மருந்து குடுக்கிற உதவியாளரா மாத்தறாங்க. இனிமே துடைப்பம் கிடையாது. எல்லாம் உங்க புண்ணியம். நீங்க சொல்லிக் குடுத்த அளவெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.”

நோட்டில் எழுதி வைத்திருக்கிறாளாம். எது எழுதியிருக்கிறது அதில்? ஐந்தா, பதினைந்தா?

நேற்று வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது அடுத்த பெயர் வாயில் வரவில்லை. அவளுடைய முகவரியைக் கொடு. போன் நம்பர் இருந்தால் கொடு. பத்தாம் தேதி வரை பொறுக்கச் சொல்கிறாய். அவள் ஏழாம் தேதி பாட்டிலைக் கையில் எடுக்கிறாள்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் படித்தேன்.

நீங்கள் போன் செய்தபோது கையில்தான் வைத்திருந்தேன். பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் மாடிப்படிக்குப் போய்விடுவோம். எழுதினால்தான் கடைசி வரி வரை போகிறோம். அதனால் எடுக்கவில்லை.

கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறது. பதினான்கு மாசம்! என் முகத்தைப் போட்டுப் பார்த்துச் சிரித்தீர்கள். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் எழுதியதைப் படித்த பிறகு கோபத்துக்கு நேரமில்லை.

மேலே கேட்டேன். வாயால் கேட்டேன், எழுத்தில் கேட்கத் தைரியம் வரவில்லை. “பத்தாம் தேதிக்குப் பிறகு பார்க்கலாமே, எதுக்கு இப்ப போய்க் கிளறிக்கிட்டு?” என்றார் மேலாளர். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

முகவரி தர முடியாது. படிப்பவர்கள் விவரத்தை வெளியே கொடுத்தால் அன்றோடு என் வேலை போகும். அது போனாலும் பரவாயில்லை என்று தேடியும் பார்த்துவிட்டேன்; அவள் ஊரைக்கூட எழுதவில்லை. ஆனால் தினமும் வருகிறாள். காலை ஆறு நாற்பதுக்கு. பாடம் விட்டு விட்டு ஓடுகிறது, பஸ்ஸில் இருக்கிறாள் போல. இன்று காலை முப்பத்தொன்றாம் பாடத்தில் இருந்தாள். விவாதப் பலகையில் அவள் கேள்விக்குக் கீழே யார் பதில் எழுதினாலும் அவள் போனுக்குத் தகவல் போகும்.

நான் எழுதலாம். ஆசிரியர் என்ற முத்திரையோடு வருவதெல்லாம் உடனே மேலாளர் பார்வைக்கும் போகும். அடுத்த அரைமணியில் மேலாளர் எடுத்துவிடுவார். அவள் பார்ப்பதற்கு முன்பே போய்விடும்.

நீங்கள் எழுதலாம். ஆனால் உங்கள் பெயரில் எது வந்தாலும் நேராகப் பலகையில் ஏறாது. அந்த ஒன்பது புகாருக்குப் பிறகு உங்கள் பெயரைத் தடுப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். அது ஒரு ஆள் பார்வைக்குப் போய், அவர் படித்து, ‘மறுபடியும் இந்த ஆளா’ என்று ஒதுக்கி வைப்பார்.

பெயரில்லாமல் எழுத, படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது; என் கணக்குக்குக் கிடையாது. கூச்சப்படுகிறவர்கள் கேள்வி கேட்பதற்காக வைத்தது. அதை யாரும் நிறுத்தி வைப்பதில்லை. படிப்பவர்கள் எழுதும் எந்தப் பதிவையும் பாடத்தின் தலைமாட்டில் நிரந்தரமாகக் குத்தி வைக்க எனக்கு அதிகாரம் உண்டு. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. யார் எழுதியது என்றும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் எழுதினால் குத்தி வைக்கிறேன். எடுக்கச் சொன்னால் எழுத்தில் உத்தரவு கொடுங்கள் என்று கேட்பேன். இதை எழுத்தில் உத்தரவிட அவர்களுக்கும் தைரியம் வராது.

ஏழாம் தேதிக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. சீக்கிரம்.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. உன் அண்ணி கையில் கொடுத்தனுப்புகிறேன். “எட்டு ஸ்டாப் தூரத்துல இருந்துக்கிட்டு ஒரு மாசமா தபால் போட்டு விளையாடறீங்க. இப்ப என்னைத் தபால்காரி ஆக்கிட்டீங்க. ரெண்டு பேருக்கும் கால் இல்லையா?” என்று கேட்டாள். நியாயம்தான். அவளுக்கு டீ போட்டுக் கொடு. என்ன நடந்தது என்று நீயே சொல். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மேலாளர் முன்னால் தலையாட்டிவிட்டு வந்தாயே, அது நீதான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்து, எரிச்சலாக இருக்கிறது.

பத்தாம் தேதி நான் வருகிறேன். அறுபத்தொன்றாம் தாளை எடுத்துவை. குழு கேட்டாலும் கேட்காவிட்டாலும் இரண்டு பக்கத்தையும் மேஜை மேல் வைப்போம். முன்பக்கத்துக்கு நீ பதில் சொல், பின்பக்கத்துக்கு நான் சொல்கிறேன். போன வருஷ ஜனவரியைப் பற்றியும் சொல்கிறேன். அங்கே கையெழுத்து எங்கே கேட்டாலும் போடுகிறேன், பட்டத்தோடு. இந்தப் படிப்பு மூடப்பட வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டேன். இப்போது இல்லை. தரை துடைத்துக்கொண்டே இருபத்து மூன்று பாடம் தாண்டி வந்தவள் என் வகுப்பு வாசலுக்கு வந்திருந்தால், என்ன தகுதி என்று கேட்டு நானே திருப்பி அனுப்பியிருப்பேன். இதை நீ குழுவிடம் சொல்லலாம். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

பலகையில் போட வேண்டியதை எழுதிவிட்டேன். இந்தத் தாளின் கீழே பார். அம்பு போட்டிருக்கிறேன்.

→

(பின்பக்கம்)

மூன்றாவது மாடி அவர்களுக்கு,

பிப்ரவரி ஆறாம் தேதி நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இது. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நீங்கள் முதலில் போட்ட ஐந்து மில்லிதான் சரி. வீடியோவில் சொல்லும் பதினைந்து தவறு. 360 என்பது ஒரு நாள் முழுவதற்குமான மருந்து. மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 120. அது ஐந்து மில்லி. தேர்வில் சிவப்பு விழுந்தது உங்கள் தப்பால் அல்ல. விடையை அங்கே வைத்தவர்கள் தப்பால். நோட்டில் பதினைந்து என்று எழுதியிருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவரிடமும் சொல்லுங்கள்.

மூடி பத்து மில்லிதான் பிடிக்கும் என்று சந்தேகப்பட்டீர்கள். அந்தச் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். ஏழாம் தேதிக்குப் பிறகு எது அதிகமாகத் தெரிந்தாலும், யார் சொன்னதானாலும், ஊற்றுவதற்கு முன் நர்ஸிடம் கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும்: இதை எழுதியவர் சொல்கிறார் என்று நம்ப வேண்டாம். காகிதம் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

இவ்வளவுதான் தம்பி. இதைக் கணினியில் அடித்து முடித்துவிட்டேன். கீழே ‘பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பழக்க தோஷம், முழுப் பெயரையும் அடித்தேன். பட்டத்தையும் சேர்த்தேன். இரண்டு வருஷமாக எந்தப் பக்கத்தில் அதைப் பார்க்க ஆசைப்பட்டேனோ, அந்தப் பக்கத்தில் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது இருந்தால் அந்த ஒதுக்கிவைக்கும் ஆளின் மேஜையில் நின்றுவிடும். ஒருவேளை நிற்காமல் ஏறிவிட்டாலும், படிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது ‘இந்த ஆளா’ என்பதைத்தான், ஐந்தை அல்ல. அவள் காலை ஆறு நாற்பது பஸ்ஸில் இருப்பாள். எண் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும்.

கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். உன் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அவள் உன் வீடு வந்து சேர்வதற்குள் இது பலகையில் இருக்கும், குத்தி வை. கட்டம் காலியாக இருக்கிறது. அப்படியே போடுகிறேன்.